மகதூலியின் கல்லறைமேல் ஒரு மரச் சைக்கிள்

மகதூலியின் கல்லறைமேல் நட்ட அலுவாலு என்கிற செதுக்குக் கம்பத்தைப் போல உயரமான கம்பம் மகாஃபாலி நாட்டில் முன்னும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. பறந்து வருகிற பருந்து பாதி உயரத்தில் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் உச்சிக்குப் போகும். உச்சியில் செதுக்கியிருந்த சைக்கிளின் மணி காற்றில் அடித்தால் அம்பானிஹிச் சந்தையில் வியாபாரம் நின்றுபோகும்.

சரி, கொஞ்சம் நீட்டிவிட்டது உண்மைதான். கம்பம் ஒன்றரை ஆள் உயரம். மரச் சைக்கிளுக்கு மணி கிடையாது. பருந்தும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. ஆனால் இனிமேல் வருவதில் ஒரு சாண்கூட நீட்டல் இல்லை. கம்பத்தை நட்டு, பதினெட்டு மாடுகளை வெட்டி, கொம்புகளைக் கல்மேல் அடுக்கி, செத்தவன் வீட்டை முறைப்படி கொளுத்தியும் முடித்த பிறகு, ஒருநாள் உச்சி வெயிலில் அந்தச் செத்தவன் வடக்குப் பாதை வழியாக நடந்து அந்த்ரனோமாசி ஊருக்குள் வந்தான்.

அவன் மனைவி சுவாமனா தன் புதுக்குடிசை வாசலில் சப்பாத்திக்கள்ளிப் பழங்களை மணலில் கொட்டி, விளக்குமாற்றால் புரட்டிப் புரட்டி முள் உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஆள் நிழல் பழங்கள்மேல் விழவும் நிமிர்ந்தாள்.

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா?”

“மகதூலி.”

அவள் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வலது குதிகாலில் விரல் நீளத்துக்கு ஒரு முள் ஏறியிருந்தது. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் அந்தக் காலிலேயே முழுப் பாரத்தையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

“அங்கேயே நில்லு. படி ஏறாத. உன்னைப் புதைச்சாச்சு.”

“அப்படியா” என்றான் மகதூலி.

சுவாமனா அழவில்லை, கத்தவுமில்லை. அவள் அழுது முடித்தவள். கல்லறை எழும்பும்வரை பிணப்பெட்டி தனிக்குடிசையில் கிடந்த நான்கு மாதமும் காலையிலும் மாலையிலும் முறை தவறாமல் அழுதிருந்தாள். ஊரில் அவளைப் போல அழுதவள் இல்லை என்று பேர். அழுகையும் சந்தோஷமும் ஒரே பானையில்தான் கிடந்தனவோ என்னவோ, ஒன்றை வழித்து ஊற்றியதில் இன்னொன்றும் போயிருந்தது. பழங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டே சொன்னாள்:

“கால்ல முள்ளு.”

“ம்.”

“வலிக்கலையா?”

அவன் குனிந்து பார்த்தான். யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது. “தெரியல” என்றான்.

நடந்தது இதுதான். மகதூலி நீலக்கல் தோண்டுவதற்காக வடக்கே சகராஹாப் பக்கம் போயிருந்தான். கிணறு போல நேராகக் கீழே இறங்குகிற குழிகள் அவை. ஒருநாள் அவன் குழி சரிந்தது. நான்கு நாள் கழித்து உள்ளே இருந்து எடுத்த உடம்புக்கு முகம் என்று ஒன்று இல்லை. உடம்பில் மகதூலியின் பழைய காக்கிக் கோட்டு இருந்தது; கோட்டுப் பையில் அவன் அடையாள அட்டை இருந்தது. அதற்குமேல் யார் என்ன பார்ப்பார்கள்? வேன் கூரையில் கட்டி அனுப்பினார்கள். அண்ணன் ரெசாம்பா இறக்கி வைத்தான். குறைவில்லாமல்தான் செய்தான். தம்பியின் மந்தை முழுக்கத் தம்பிக்கே என்று வெட்டிவிட்டான்; ஒரு கன்றைக்கூடத் தனக்கென்று ஒதுக்கவில்லை. அதைப் பிறகு பலமுறை சொல்லியும் காட்டினான்.

ஊருக்குள் எந்த வாசலிலும் மகதூலிக்கு இடமில்லை. செத்தவனோடு ஒரே தட்டில் கை வைக்க யாருக்கும் துணிச்சலும் இல்லை. அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். குலத்தூணுக்குரிய பெரியவர் ரெமாண்டி, அவனுக்குப் பெரியப்பா முறை, வந்து பத்தடி தள்ளி நின்றார். குலத்தில் பிறப்பு, சாவு எதுவானாலும் அந்தத் தூணடியில் நின்று முன்னோர்களுக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

“முன்னோருங்ககிட்ட உன் பேரைச் சொல்லி ஒப்படைச்சிட்டேன்டா. பதினெட்டு மாட்டு ரத்தம் சாட்சி.”

“சரி பெரியப்பா.”

“இப்பப் போயி, ‘அது இவன் இல்லைங்க, மன்னிச்சிருங்க’ன்னா, ‘அப்ப நீ அனுப்பினது யாரை?’ன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?”

“கேப்பாங்க.”

“திறந்து பாத்துரலாமா?” என்று ரெசாம்பா பின்னாலிருந்து கேட்டான்.

பெரியவர் திரும்பி முறைத்தார். “நாம என்ன மேட்டுநாட்டுக்காரங்களா, எலும்பை எடுத்துத் துணி மாத்தி வைக்க? மூடினா மூடினதுதான். திறக்கறேன்னு சொன்ன வாயை முதல்ல கழுவு.”

அன்றிலிருந்து மகதூலி புளியமரத்தடியில் செத்தவனாக இருந்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவனுக்கு அது கஷ்டமாக இல்லை. எது வைத்தாலும் தின்றான்; வைக்காவிட்டால் கேட்கவில்லை. முள்ளை ரெசாம்பாதான் ஊசியும் கையுமாக வந்து, பயந்து பயந்து எடுத்துவிட்டான். எடுக்கும்போது மகதூலி தூரத்தில் மேய்கிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் பயமில்லாமல் வந்தவள் நசூலு ஒருத்திதான். அவள் கேலிமுறைக் குலத்துக்காரி. அந்தக் குலத்தார் இந்தக் குலத்தாரைக் கல்யாண வீட்டிலும் திட்டலாம், சாவு வீட்டிலும் திட்டலாம். இவர்கள் திருப்பித் திட்டலாமே தவிரக் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழவு வேலைகளில் பாதியைச் செய்வதும் அந்தக் குலத்தார்தான்.

“டேய் பிணமே! நாத்தத்தை எங்கடா விட்டுட்டு வந்த?” என்று அவள் அவனுக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “உன் எழவுக்கு மூணு நாள் கொழுப்பாத் தின்னுட்டு ஏழு நாள் வயித்தைப் புடிச்சிக்கிட்டுக் காட்டுக்கும் வீட்டுக்கும் ஓடினேன். அந்த ஏழு நாளை யாருடா திருப்பித் தருவா?”

“கறி நல்லா இருந்துச்சா?”

“உன் மாடுதான? உன்னை மாதிரியே சவ்வு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகதூலியும் உதட்டை விரித்தான்; சிரிக்க வேண்டிய இடம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு நாளில் இன்னொரு வேடிக்கை தொடங்கியது. காணாமல் போன பசுவைத் தேடி அலைந்த ஒருவன், போகிற போக்கில் மரத்தடியில் கொஞ்சம் சாராயத்தைத் தரையில் ஊற்றி, “நீங்கதான் அந்தப் பக்கம் இருக்கீங்களே, கொஞ்சம் சொல்லி வைங்க” என்று மகதூலியைக் கும்பிட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் பசு தானாக வந்து சேர்ந்தது. அடுத்த நாள் மூன்று பெண்கள் வந்து மழை கேட்டார்கள். தூறல் விழுந்தது. அந்த மாதத்தில் தூறல் விழாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனாலும் மறுநாள் மரத்தடியில் வறுத்த நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு, புளித்த பால் என்று ஒரு கடையே விரிந்தது. எல்லோருக்கும் மகதூலி “சரி” என்றான். எல்லோரும் போன பிறகு எறும்புக்கு முந்திக்கொண்டு தின்றான்.

நான்காம் நாள் ஒரு சின்னப் பெண்குழந்தை வந்தது. இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு நீல மணி. பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருந்தது போல. கையிலிருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ஒரு கடி கடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தரையில் வைத்து, மண்ணில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தது.

“பெரிய தாத்தா, எனக்கு ஆட்டுக்குட்டி வேணும்.”

மகதூலி கிழங்கைப் பார்த்தான். அதில் சின்னச் சின்னப் பல் தடம் இருந்தது.

“என்ன நிறம்?”

“ஆட்டு நிறம்.”

குழந்தை ஓடிவிட்டது. அந்தக் கிழங்கை மட்டும் அவன் தின்னவில்லை. ஏன் தின்னவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. எறும்பு வந்து மொய்த்தது, பார்த்துக்கொண்டிருந்தான்.

அது அவன் மகள் வூலா. அவன் வடக்கே போனபோது சுவாமனாவின் வயிற்றில் இருந்தாள்.

அன்று மாலை சுவாமனா மோர்க்குடுக்கையைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். வழக்கம்போல வைத்துவிட்டுப் போகவில்லை, நின்றாள்.

“வர்ற வியாழக்கிழமை எங்கண்ணன் வர்றாரு.”

“சரி.”

“வூலாவை எங்க தூணுக்குச் சேர்க்க. நீ அவளுக்குக் காளை கொடுத்துக் கேக்கவே இல்ல. கேக்காத பிள்ளை தாய்மாமன் பிள்ளை. உனக்கு அது தெரியும்.”

எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னவன், இதற்குச் சரி சொல்லவில்லை.

“நான் காளை கொடுக்கறேன்.”

“செத்தவன் எப்படிக் கொடுப்பான்?” அவள் குரலில் கோபம் இல்லை, சந்தைக்கு எந்த வண்டி போகும் என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள். “அவ எங்க ஊர்ல வளந்து, எங்க கல்லுல அடங்குவா. நானும் எங்கப்பன் கல்லுக்குத்தான் போவேன். உன் கல்லுல நீயும் அந்த ஊர் பேர் தெரியாத ஆளும் மட்டும் கெடப்பீங்க.”

வாழ்வது எங்கே என்பது எங்கள் பக்கம் இரண்டாவது கேள்விதான். எந்தக் கல்லில் அடங்குவது என்பதுதான் முதல் கேள்வி. கல் பிரிந்த பிறகு அப்பன் என்றும் மகள் என்றும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மகதூலி எழுந்து, ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாகத் தானாக நடந்து, பெரியவர் ரெமாண்டியின் வேலியருகே போய் நின்றான். உள்ளே போகவில்லை.

“பெரியப்பா, என்னைத் திருப்பிக் கூப்புடணும். வியாழக்கிழமைக்குள்ள.”

பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் புகையிலையைக் கசக்கிக்கொண்டிருந்தார். “கூப்புட எனக்கு என்ன கசக்குதா? ரெண்டு விஷயம் வேணும். உன் மந்தையில ஒரு காளை. உன் மந்தைதான் மொத்தமும் கல்லுமேல கொம்பா நிக்குதே! சரி, அதை விடு. ரெண்டாவது, உள்ள இருக்கறவன் பேரு. பேரைச் சொன்னாத்தான், ‘இவரு விருந்தாளி, பாத்துக்கோங்க, எங்காளை எங்ககிட்ட விட்டுருங்க’ன்னு கேக்க முடியும். யாருடா அவன்?”

“தெரியாது.”

“கோட்டு யாரோடது?”

“என்னோடது.”

“அவன் மேல எப்படி ஏறுச்சு?”

மகதூலி வாயைத் திறந்தான். பொய் சொல்லவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. சொல்லவேண்டியது உள்ளே எங்கேயோ இருந்தது. அதைத் தூக்கப்போனால் கைக்கு எட்டவில்லை.

“தெரியாது” என்றான் மறுபடியும்.

“அப்ப மரத்தடிக்குப் போ” என்றார் பெரியவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிற்பி சம்பியாசி வந்தார். மூன்று ஊர் தள்ளி இருக்கிறவர். மெந்துராவி மரத்தை ஒரே துண்டாக வெட்டி, கீழே ஆள் உருவமும், அதற்குமேல் எட்டு வடிவமும் பிறையும் வளையமுமாக அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் செத்தவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சியை வைப்பார். மாடு, லாரி, போலீஸ்காரர், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அம்மா, எது கேட்டாலும் வைப்பார். ஒரு குடும்பம் விமானம் கேட்டது. செத்தவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதையும் வைத்துக்கொடுத்தார். தோளில் வாய்ச்சி தொங்க, மரத்தடிக்கு வந்து மகதூலியை ஏற இறங்கப் பார்த்தார்.

“முப்பது வருஷமா செதுக்கறேன். திரும்பி வந்து குறை சொன்னவங்க யாருமில்ல. நீங்கதான் முதல்ல. எந்திரிங்க, போய்ப் பாத்துருவோம்.”

“அங்க காரணமில்லாம போகக் கூடாதே.”

“உங்க வீட்டுக்கு நீங்க போறதுக்கு என்ன காரணம்?”

கல்லறை ஊருக்கு வெளியே, கள்ளிக்காட்டை ஒட்டி இருந்தது. சதுரமாக அடுக்கிய கல் சுவர், உள்ளே கல் நிரப்பல், மேலே வெயிலில் வெளுத்த கொம்புகள் ஜோடி ஜோடியாக. மகதூலி அவற்றை எண்ணினான். ஒவ்வொரு ஜோடியும் எந்த மாட்டினுடையது என்று வளைவைப் பார்த்தே தெரிந்தது. இது நெற்றியில் சுழி உள்ளது. இது பல்லால் கயிற்றை அவிழ்ப்பது. இது முதல் கன்றிலேயே இரட்டை போட்டது. வெறும் அடையாளங்களாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

சம்பியாசி விரலை மடக்கி, முட்டியால் கம்பத்தைக் காட்டினார். கல்லறையை நீட்டிய விரலால் யாரும் காட்டமாட்டார்கள்.

“சொல்லுங்க. கீழ நிக்கற ஆளு உங்களை மாதிரி இருக்காரா?”

“மூக்கு சரியா இருக்கு.”

“அது எல்லாருக்கும் போடற மூக்குதான்.”

மகதூலி அண்ணாந்து பார்த்தான். உச்சியில் ஒருவன் ஒரு கையில் குடையோடு சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். சக்கரத்துக்குப் பதினாறு கம்பி இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

“என்னது?” சிற்பியின் முகம் தொங்கிப்போயிற்று. “உங்கண்ணன்தானே சொன்னாரு! ‘என் தம்பி சைக்கிள்ல குடை புடிச்சிக்கிட்டுப் போனா ஊரே பாக்கும்’னு என் வீட்டு வாசல்ல உக்காந்து சொன்னாரு!”

“அண்ணனுக்கு சைக்கிள் வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

“நாசமாப் போச்சு.” சம்பியாசி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். “பதினாறு கம்பி. ஒவ்வொரு கம்பியையும் உளி நுனியால நோண்டி எடுத்தேன். ஒரு மாசம். யாரோட வாழ்க்கையையோ செதுக்கி யாரோட தலைமேலயோ நட்டிருக்கேன்.”

மகதூலி இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவனுக்குத் தெரியும்” என்றான்.

“எவனுக்கு? என்ன தெரியும்?”

“ஓட்ட.”

சாவு வீடுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகியவர் சம்பியாசி. பெயரைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், சைக்கிளைக் கேட்டால் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். புகையிலையை எடுத்துக் கிள்ளி, பாதியை நீட்டினார்.

“குடை புடிச்சிக்கிட்டா ஓட்டுவாரு?”

“இல்ல. குடையெல்லாம் இல்ல. தண்ணி ஏத்திட்டு வருவான். ஆத்துலேருந்து குழிக்கு. பின்னாடி நாலு கேன், முன்னாடி ரெண்டு.”

“ஆறு கேனா? சும்மா சொல்லாதீங்க.”

“ஆறு. கையை விட்டுட்டு ஓட்டுவான். விசில் அடிப்பான். முன்பல்லு ஒண்ணு இல்ல, அந்த ஓட்டை வழியா.”

“சாமர்த்தியக்காரர்தான்.”

“டோமினோவுல ஏமாத்துவான். கட்டையை முழங்கால் மடிப்புல ஒளிச்சு வப்பான். எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் கூடத்தான் ஆடுவோம்.”

“எந்த ஊரு?”

“பாரா ஆளு, மாடு மேய்க்கற சனம். ஊரு இஹோசி. அவங்க அம்மா பஸ் நிக்கற இடத்துல கடலை விக்கிறாங்க.” மகதூலி புகையிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். “அவன் பேரு லெஹிமேனா.”

சம்பியாசி தலையை மட்டும் ஆட்டினார்.

“அன்னைக்கு இறங்க வேண்டியது நான். என் முறை. பல்வலின்னேன்.” கையிலிருந்த புகையிலையைப் பார்த்தபடி, “பல்வலி இல்ல” என்றான். “போக மனசில்ல. அவ்வளவுதான். அவன் சிரிச்சான். ‘என் பல்லுதான் விழுந்துச்சு, வலி உனக்கா? கோட்டைக் கொடு, கயிறு தோளை அறுக்குது’ன்னான். கழட்டிக் கொடுத்தேன்.”

“அப்புறம்?”

“சத்தமே வரல. மாவு சரியற மாதிரி இருந்துச்சு. கயிறு மட்டும் கையில இருந்துச்சு. எல்லாரும் ஓடி வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டேன். நான் அவன் சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கிட்டு நடந்தேன். ரொம்ப தூரம். அப்புறம் ஒரு வேலியில சாத்தி வச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. அங்கங்க இருந்தேன்.”

அவன் அழுவான் என்று சம்பியாசி எதிர்பார்த்தார், அழவில்லை. காற்று மட்டும் அடித்தது. கள்ளிக்காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆமை வந்து, இருவரையும் பார்த்துவிட்டுத் தன் வழியில் போயிற்று.

“அப்ப என் வேலை தப்பில்ல” என்றார் சிற்பி மெல்ல. “ஆள் மாறல. நீங்க சொல்றதைப் பாத்தா, இவரு கம்பத்தைத்தான் இவரு தலைமாட்டுல நட்டிருக்கேன். குடை ஒண்ணுதான் கூடுதல். நட்டதை இனிமே தொட முடியாது. இருந்துட்டுப் போகட்டும், வெயில் காலத்துக்கு ஆகும்.” எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். “கூலியா உங்கண்ணன் உங்க மந்தையில ஒரு பசுவைக் கொடுத்தாரு. வெட்டறதுக்கு முன்னாடியே ஓட்டிட்டுப் போனதால அது ஒண்ணுதான் தப்பிச்சுது. என் பட்டியில கன்னு போட்டிருக்கு. காளைக்கன்னு. இன்னும் காதுல அடையாளம் வெட்டல.”

மகதூலி திரும்பிப் பார்த்தான்.

“உங்க குல வெட்டை வெட்டிக்கோங்க. பசுவைத் தரமாட்டேன், அது என் கூலி. கன்னு உங்களோடது. ஆனா பேரை நீங்கதான் போய்ப் பெரியவர்கிட்டச் சொல்லணும். நான் மரம் செதுக்கறவன், ஊர்க்கதையைச் சுமக்கறவன் இல்ல.”

மகதூலி சொன்னான். வேலிக்கு வெளியே நின்று, சிற்பியிடம் சொன்ன அதே வரிசையில், கேன், விசில், டோமினோ, பல், கோட்டு என்று ஒன்றும் விடாமல் சொன்னான். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ரெசாம்பா தலையில் கை வைத்துக்கொண்டான். நசூலுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“பாராக்காரனா? அப்பக் கவலைய விடுங்க. பதினெட்டையும் ஒழுங்கா மேய்ப்பான். உங்க தாத்தனுங்களுக்கு எங்க மேய்க்கத் தெரியும்? மாடுதான் அவங்களை வீட்டுக்கு ஓட்டிட்டு வரும்.”

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கேட்டார்: “அவங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பௌர்ணமிக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிட்டு வரணும். ஆளை அனுப்பக் கூடாது. நீ போகணும். ‘உன் பிள்ளை எங்க கல்லுல இருக்கான், பதினெட்டு மாட்டோட இருக்கான், வந்து பாரும்மா’ன்னு கூட்டிட்டு வரணும்.”

“சரி பெரியப்பா.”

வியாழக்கிழமை விடியும்போது சுவாமனாவின் அண்ணன் ஃபனாஹி நான்கு ஆட்களோடும் ஒரு கொழுத்த காளையோடும் வந்து சேர்ந்தார். குலத்தூணடியில் கட்டியிருந்த கன்றைப் பார்த்தார்.

“இது என்ன?”

“காளை” என்றார் பெரியவர்.

“இதுக்குக் கொம்பே வரல.”

“காத்திருந்தா வரும். உனக்குத்தான் இன்னைக்கே முடியணுமே.”

கன்றின் காதில் குல வெட்டு ரத்தம் காயாமல் இருந்தது. பெரியவர் கிழக்கே பார்த்து நின்று, தரையில் சாராயத்தை ஊற்றி, முன்னோர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தன் தவறைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். உங்களிடம் வந்திருப்பவர் லெஹிமேனா, இஹோசிக்காரர், எங்கள் பிள்ளைக்குப் பதிலாக இறங்கியவர், பேர் தெரியாமல் அனுப்பிவிட்டோம், நல்ல இடமாகக் கொடுங்கள் என்றார். இவனை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றார். கன்று விழுந்தது. ரத்தத்தைத் தூணில் தடவி, பிறகு மகதூலியின் நெற்றியில் வைத்தார்.

“எப்படி இருக்குடா பிணமே?” நசூலு பாய்ந்து வந்து அவன் புஜத்தைப் பிடித்துத் திருகிக் கிள்ளினாள். நகம் உள்ளே போய்த் தோல் வெளுத்தது. “வலிக்குதா?”

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

“இல்ல” என்றான் மகதூலி.

“கேட்டீங்களா?” ஃபனாஹி ஒரு அடி முன்னால் வந்தார். “அவனே சொல்றான்! உயிரோட இருக்கறவன் பேசற பேச்சா இது? இவன்கிட்டயா என் தங்கச்சி பிள்ளையை விட்டுட்டுப் போறது?”

“உயிரோட இருக்கறவனுக்கு எல்லாமே வலிக்கணும்னு நம்ம வழக்கத்துல எங்கேயும் இல்ல” என்றார் பெரியவர். “பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. அதையும் கணக்குல வை.”

“அப்ப அவனே கேக்கட்டும். பெரியவர் கேக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிட்டு, தூணைப் பாத்து, முறைப்படி அவன் வாயால கேக்கட்டும். ஒரு வார்த்தை தப்பாமச் சொல்லட்டும்.”

சுவாமனா குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகதூலி வாங்கினான். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள். வூலா அவன் நெற்றியில் இருந்த ரத்தத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலை அவன் சட்டையில் துடைத்தாள்.

“ஆட்டுக்குட்டி எங்க?” என்று காதருகே கேட்டாள்.

அவன் தூணைப் பார்த்தான். எவ்வளவு தூரத்திலிருந்தோ வருவது போலக் குரல் வந்தது, ஆனால் தடுக்கவில்லை.

“நான் மகதூலி. ரெமாண்டியோட தம்பி மகன். இங்க இருக்கேன். காளை கொடுத்திருக்கேன். இது என் மக வூலா. சுவாமனா பெத்தவ. இவ என்கூட இருக்கணும். என் கல்லுல அடங்கணும். இவளுக்கு ரெண்டு வயசு.”

“மூணு” என்றாள் சுவாமனா, குழந்தையைத் திரும்ப வாங்கக் கை நீட்டாமல். “மூணு முடிஞ்சிருச்சு.”